நாலு மணிப் பூட்டு

எங்கள் லைனில் சும்மா இருந்த ஒரே பொம்பளை பக்கத்து வீட்டு அக்காதான். ரொம்ப நாள் அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்போதெல்லாம் சும்மா இருப்பது கிட்டத்தட்ட ஒரு குற்றம். ஆம்பளைகளுக்கு ஃபாக்டரியில் ஓவர்டைம் இருந்தது. ஓவர்டைம் கிடைக்காத மாதம் எழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு திரிவார்கள். பொம்பளைகளுக்கு ஆளுக்கொரு தொழில். முதல் வீட்டில் சீட்டு, அதற்கடுத்த வீட்டில் தவணைச் சேலை, எதிர் லைனில் டியூஷன், கடைசி வீட்டில் இட்லி மாவு. நான் மட்டும் விடுவேனா? ரவிக்கை தைத்தேன், சேலைக்கு ஃபால்ஸ் அடித்தேன், ஞாயிற்றுக்கிழமை மனை காட்டக் கூட்டிப்போகும் வேனுக்கு ஆள் பிடித்தும் கொடுத்தேன். பூந்தமல்லியில் பூக்கட்டுகிறவள் வயிற்றில் பிறந்தவள் நான். பிரசவ வலி வந்தபோதுகூட அம்மா கையில் இருந்த முழத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். கை சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். வேதக்காரர்கள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். ஃபாக்டரியில் என் வீட்டுக்காரரோடு ஒரே ஷாப்பில் வேலை. எதைக் கேட்டாலும் பதிலுக்குச் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். இரண்டு பையன்கள். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அக்காவை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லைனில் மற்றவர்களும் அப்படியே. அவர்களுக்கு அவள் பூட்டுக்காரம்மா.

கல்யாணமாகி நான் வந்த புதிது. ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டது. கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மறுநாளும் அதே நேரம். எனக்கு வயிறு புகைந்தது. பொங்கல் நெருங்குகிற சமயம், ரவிக்கைத் துணி குவிந்திருக்க வேண்டும். பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போகிறது என்று இப்போது புரிந்துவிட்டது.

"பாத்தியா, ஒண்ணும் தெரியாத பாப்பா மாரி இருந்துகினு அந்தம்மா ஆர்டர் எடுக்குது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போய்க் கேட்டுட்டு வாயேன்" என்று பேப்பரை விட்டுத் தலை எடுக்காமல் சொன்னார்.

கேட்கத்தான் போனேன். வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன், நிஜமாகவே பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். அங்கே கதவிலும் ஒரு பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடி, அதன்மேல் காகிதக் கட்டு வைத்திருக்கிறாள். மெஷின் வாரைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறாள். கால் மட்டும் தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறது, கண் கூரையில் நிற்கிறது.

நல்ல மெஷின் அது. என்னுடையதைவிட நல்ல மெஷின். போட்டிக்காரி இல்லை என்ற நிம்மதியைவிட, இப்படி ஒரு மெஷினை எழுதுகிற மேஜையாக்கி வைத்திருக்கிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான் எனக்கு அதிகம் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். திடுக்கிடவெல்லாம் இல்லை. ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலை நீட்டினாள். ஆறு மணி. அவ்வளவுதான், மறுபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆறு மணிக்கு அவளுடைய பெரிய பையன் கிரிக்கெட் மட்டையும் புழுதியுமாக வந்து, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியால் கதவைத் திறந்துவிட்டான்.

"இன்னாக்கா இது, உங்கள யாரு உள்ள வச்சிப் பூட்டுறது?"

"நாந்தான் பூட்டச் சொல்லியிருக்கேன். உள்ள தாப்பா போட்டா வாரவுக தட்டுவாவ. தட்டுனா தொறக்கணும். தொறக்கலன்னா எனக்கே மனசு கேக்காது. வெளிய பூட்டிட்டா நானே நெனச்சாலும் தொறக்க முடியாதுல்லா."

நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அவள் நாடகம் எழுதினாள். மாதா கோயில் மைதானத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போடுகிற நாடகம். வருஷத்துக்கு ஒன்றே ஒன்று. மேடையில் அது அரை மணி நேரம் நடந்தால் அதிகம்.

"அரை மணி நேரத்துக்கு ஒரு வருசமா? அந்த நேரத்துல எத்தினி ஜாக்கெட்டு தைக்கலாம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தைக்கலாம்ட்டி. நீதான் தைக்கியே" என்றாள்.

பெரியவன் ஒரு நாள் மைதானத்தில் சாவியைத் தொலைத்துவிட்டான். அண்ணன் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்டை உடைக்கும்வரை அக்கா உள்ளேயே கிடந்தாள். பையன்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். நான் ஜன்னல் வழியாக இட்லியைத் துண்டு துண்டாகக் கிள்ளி உள்ளே நீட்டினேன். அழுதுகொண்டிருப்பாள் என்று பார்த்தால், ஆள் ரொம்பக் குஷியாக இருந்தாள். இவ்வளவு நேரம் வாழ்க்கையில் கிடைத்ததே இல்லையாம். ஆனாலும் அண்ணன் பாவம் என்று அன்றிலிருந்து சாவி என்னிடம் வந்தது. நாலு மணிக்குப் பூட்டுவேன், ஆறு மணிக்குத் திறப்பேன். நடுவில் யார் வந்தாலும் "ஊட்ல இல்லீங்களே" என்று ஒரு பொய். இதற்குக் கூலி கிடையாது. நான் கூலி இல்லாமல் பார்த்த ஒரே வேலை அதுதான் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

பொய் சொல்வது பெரிய கஷ்டமில்லை. அவள் சும்மா எழுதினால் போதாது, எழுதியதைப் பேசியும் பார்ப்பாள் என்பதுதான் தொல்லை. எல்லார் குரலிலும் பேசுவாள். ஒரு நாள் அவர்கள் கோயில் ஃபாதர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஊருக்குப் போயிக்கீறாங்க ஃபாதர்" என்றேன்.

"ஆண் குழந்தைகளை எல்லாம் வெட்டுங்கள்!" என்று உள்ளேயிருந்து ஒரு ஆம்பளைக் குரல் கர்ஜித்தது.

ஃபாதர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரேடியோ ஃபாதர். அணைக்க மறந்துட்டாங்க போலக்கீது."

"ரேடியோவா?" என்றார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடும் ஏரோது ராஜா மந்திரியைத் திட்டுவதையும், மந்திரி கீச்சுக் குரலில் அழுவதையும், நடுவில் "சே, நல்லால்ல" என்று அக்காவின் சொந்தக் குரல் சொல்வதையும், மறுபடி ராஜா முதலிலிருந்து திட்டுவதையும் கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அக்காவிடம், "ரேடியோ நல்லா இருந்துச்சும்மா, மந்திரி மட்டும் கொஞ்சம் கம்மியா அழட்டும்" என்றாராம்.

ஃபாதர் போகட்டும், பெரிய மனுஷன். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா அப்படி இல்லை. புருஷன் செகண்ட் ஷிஃப்ட் போயிருக்கிறான், வாசலில் பூட்டு, உள்ளே ஆம்பளைக் குரல், பூட்டிக் கொடுப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. அந்த அம்மா மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் ஓடியிருக்கிறது. விஷயம் அவள் புருஷன் வழியாக ஷாப் வரைக்கும் போய்விட்டது. டீ நேரத்தில் ஒருத்தர் அண்ணனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று விழுங்கி, "சாயங்காலத்துல உங்க ஊட்ல யாரோ ஆம்பள கொரல் கேக்குதாம்பா" என்றிருக்கிறார்.

வாயே திறக்காத அண்ணன் அன்று திறந்தார். "அது ஏரோது. போன வாரம் ஒரு ஆட்டிடையன் வந்திருந்தான். அவனும் நல்லவந்தான்."

ஷாப்பே டீயைத் துப்பிச் சிரித்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். எதிர் வீட்டம்மா ஒரு மாதம் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்கா யாரோடும் ஒட்டாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டால் மீதிப் பொழுதெல்லாம் அவள் ஊருக்குச் சொந்தம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு நிற்பாள். எங்கே கூப்பிட்டாலும் வருவாள். மனை பார்க்க வா என்று ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனேன். வேன் நிறைய ஆள் சேர்த்தால் எனக்கும் ஏதோ கிடைக்கும். திருமழிசை தாண்டி வயல்காட்டில் கல் நட்டு வைத்திருந்தார்கள். புரோக்கர் கையை வீசி வீசி, இங்கே ஸ்கூல் வரும், அங்கே பஸ் ஸ்டாப் வரும், வாசல்லயே ஆஸ்பத்திரி என்று அளந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் புளியோதரைப் பொட்டலத்தில் கண்ணாக இருக்க, அக்கா மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் பக்கத்தில் போய், "தம்பி, அந்த ஆஸ்பத்திரியில இருந்து இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். ஆள் சிக்கிவிட்டது என்று அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான்.

அவள் மனை வாங்கவில்லை. அந்த வருஷ நாடகத்தில் சாத்தான் வந்தான். இயேசுவை மலைமேல் நிற்க வைத்து, கையை வீசி வீசி, "கிழக்குப் பாத்த ராஜ்ஜியம் சார், தண்ணி அப்படியே தேங்காத் தண்ணி, இன்னிக்கு அட்வான்ஸ் போட்டா இன்னிக்கே உங்களுது" என்றான். வேனில் வந்த அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் சாத்தானுக்கு என்ன வேலை என்று ஃபாதர் கேட்டதற்கு, "அவனுக்கு எங்க வேல இல்ல ஃபாதர்?" என்று அக்கா திருப்பிக் கேட்டாளாம்.

எனக்கு அவள்மேல் கோபமும் உண்டு, மறைப்பானேன். வீடு பெருக்காமல் கிடக்கும். பையன் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அஞ்சு மணிக்கு வந்து ஜன்னலில் நின்றால், "ஆறு மணிக்கு மேல விழக்கூடாதால?" என்பாள். மருந்து போட நான்தான் ஓடுவேன். எழுத்து ஓடாத நாளில் ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தால் என்மேல் எரிந்து விழுவாள். அப்படி ஓடாத நாள்தான் அதிகம். "இன்னிக்கு இன்னா எழுதுனீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் வரல. காலு நல்லா மிதிச்சுது" என்பாள். ஒன்றும் வராததற்குப் பூட்டு எதற்கு, அதற்கு நான் எதற்கு என்று எனக்குத் தோன்றும். மறுநாள் நாலு மணிக்கு மறுபடி போய்ப் பூட்டுவேன்.

கேபிள் டிவி வந்த புதிதில்தான் எல்லாம் தலைகீழானது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் அக்கா போட்ட நாடகம் குவார்ட்டர்ஸையே கலக்கிவிட்டது. நிறைமாத மாதாவும் அவள் புருஷன் சூசையும் கழுதையை வெளியே கட்டிவிட்டுக் குவார்ட்டர்ஸ் வீடு கேட்டு ஆபீஸில் நிற்கிறார்கள். "சீனியாரிட்டி லிஸ்ட்ல பேரு ஏறிக்கீதா?" என்று கேட்கிறார் கிளார்க். மாதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, "டெலிவரி ஆகுறதுக்குள்ள டைப் டூ வீடு கெடைக்கறது கஷ்டம்மா" என்கிறார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் பாதிப் பேர் அழுதோம். எல்லாரும் வீட்டுக்கு லிஸ்டில் காத்திருந்தவர்கள்தானே. கூட்டத்தில் யாருக்கோ உறவுக்காரராக வந்திருந்தவர் டிவிக்குத் தொடர் எடுக்கிற டைரக்டர். சில மாதம் கழித்து லைனுக்குள் ஒரு கார் வந்து நின்றது. வாரம் அஞ்சு நாள் ஓடுகிற குடும்பத் தொடர், அக்காதான் வசனம் எழுத வேண்டுமாம்.

அக்கா யோசித்தாள். யோசிக்க விட்டால்தானே? லைனே திரண்டு வந்து வாழ்த்திவிட்டது. கொழுந்தன் தூத்துக்குடியிலிருந்து தந்தி அடித்தான். நான் எல்லாருக்கும் மேலே போய் மேனேஜர் ஆகிவிட்டேன். கமிஷன்கூட டைரக்டரிடம் பேசி முடித்தாயிற்று. "இத்தினி வருசம் பூட்டுனதுக்கு இப்பத்தான்க்கா தொறந்துக்கீது" என்றேன். அக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

தினமும் எழுதியதை வாங்கிப் போக பைக்கில் ஒரு தம்பி வருவான். சரியாக நாலு மணிக்கு வந்து, நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு காத்திருப்பான். வீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பூட்டுவது? பூட்டும் சாவியும் அவர்கள் வீட்டு ஜன்னல் திட்டில் சும்மா கிடந்தன.

"மேடம், டைரக்டர் சார் படிச்சாரு. சூப்பராம். அழுகை மட்டும் பத்தலையாம்."

"இந்த இடத்துல அவ அழமாட்டாளே தம்பி."

"அழட்டும் மேடம். அப்புறம் ஒரு மாமியார் வேணுமாம்."

"மாமியாருக்கு அங்க என்ன சோலி?"

"சும்மா வந்து நிக்கட்டும் மேடம். சோலி அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா எழுதினாள். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கு, நாளன்றைக்கு வேண்டியதையும் இன்றைக்கு. விடியலில் எழுதினாள், அரிசி களைந்துகொண்டே எழுதினாள். ஒரு நாள் தெருக்குழாயில் பார்த்து, "இன்னாக்கா, நல்லாக்கீறீங்களா?" என்று கேட்டேன். "பேச நேரமில்லட்டி" என்று குடத்தோடு ஓடினாள். அந்த வார்த்தையை நாங்கள் எல்லாரும் தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவர்கள். அவள் வாயிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போதுதான் உறைத்தது, சுவருக்கு அந்தப் பக்கம் கால் மிதிக்கிற சத்தம் நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. ஏரோதும் இல்லை, ஆட்டிடையனும் இல்லை. நானே ஊசியில் நூல் கோர்த்துவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீடு காலியானது போல இருந்தது எனக்கு. அழுகையாகக்கூட வந்தது.

கார்த்திகை மழை விட்டதும் ஃபாதர் வந்தார். இந்த வருஷ நாடகம் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார்.

"எழுதல ஃபாதர்" என்றாள் அக்கா.

"அதனால என்னம்மா, இவ்ளோ வேலையில. போன வருஷ நாடகத்தையே திருப்பிப் போட்டுடலாம். யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நாலு மணிக்கு முன்னாலயே பூட்டிரு" என்றாள்.

"அந்தத் தம்பி வருவானேக்கா."

"அதுக்குத்தாம் சொல்லுதேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வந்ததோ. "அக்கா, நல்லா யோசிங்க. டிவில வந்தா ஊரு ஒலகமே பாக்கும். இங்க யாரு பாக்குறது? நம்ப லைனு, அந்த லைனு, நாலு சிஸ்டருங்க. இது உட்டா இன்னொரு தபா வராது. நாளைக்குப் பசங்க காலேஜு கீது, ஊடு கட்டணும். பேசாம அந்த மாமியாரைத்தான் எழுதித் தொலைங்களேன்."

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "நீ சொல்லது எல்லாம் சரிதாம்ட்டி. நான் ஒண்ணும் அத மட்டம்னு சொல்லல. எழுதுதவுக எழுதட்டும். எனக்கு அப்படி எழுதுனா, எழுதுன மாதிரியே இல்ல. கை வலிக்கு, அவ்வளவுதாம்" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குள் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் பூட்டினேன். என் கமிஷனையும் சேர்த்துத்தான் உள்ளே வைத்துப் பூட்டினேன் என்று அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு மணிக்குப் பைக் வந்தது. பூட்டைப் பார்த்ததும் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். "எங்க போயிட்டாங்க? எப்ப வருவாங்க?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்ற பொய் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இவன் நாளைக்கு வருவான். நாளைக்கும் சொன்னால் நாளன்றைக்கு டைரக்டரே காரில் வருவார்.

"எங்கியும் போல. உள்ளதான் கீறாங்க."

"அப்ப தொறங்க."

"தொறக்க மாட்டேன்."

"என்னங்க விளையாடறீங்களா? சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் கீது. தர மாட்டேன். உங்க சாராண்ட போய் சொல்லு நைனா, இந்தம்மா உங்களுக்கு எழுதாது. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

அவன் கதவைத் தட்டினான். "மேடம், மேடம்" என்று கூப்பிட்டான். பதிலுக்கு வீட்டுக்குள்ளிருந்து மெஷின் மிதிக்கிற சத்தம் வந்தது. முதலில் விட்டு விட்டு, அப்புறம் கடகடவென்று. அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போனதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்த நாள் கொஞ்சம். அதற்குள் எவ்வளவு எழுத முடியும்? இழுத்துப் பூசி நீட்டிவிடலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். கோயில் மைதானத்தில் கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். திரை விலகியது. ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு கதவு. மாதாவையும் சூசையையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டுப் பெத்லகேம் சத்திரக்காரனும் அவன் பெண்டாட்டியும் படுத்திருக்கிறார்கள். சத்திரக்காரனாக நம்ம அண்ணன். வசனம் கிடையாது, குறட்டை மட்டும். பிரமாதமாக விட்டார். பெண்டாட்டியாக நடித்தவள் பாடகர் குழுவில் இருக்கும் ஸ்டோர்ஸ் கிளார்க் மனைவி. தூரத்தில் மாட்டுத் தொழுவத்தில் குழந்தை அழுகிறது.

"எடம் இல்லன்னேன். நெசமாவே இல்ல. நடையில கூட ஆளு படுத்துகினு கீது. நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்று எழுந்து உட்காருகிறாள். படுக்கிறாள். மறுபடி எழுந்திருக்கிறாள். "விடிஞ்சா தண்ணி புடிக்கணும், மாவு ஆட்டணும், சத்திரத்தப் பெருக்கணும். ஒரு மனுசி எத்தினியதான் பாக்குறது? யோவ், தூங்குறியா நீ? தூங்கு. உனக்கு இன்னா." குழந்தை விடாமல் அழுகிறது. "பச்சப் புள்ள. இந்தக் குளுருல." அப்புறம் எழுந்து, அடுப்பிலிருந்து வெந்நீர்ப் பானையை இறக்கி, இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறாள். திரை விழுந்தது.

கூட்டம் அடுத்த காட்சிக்குக் காத்திருந்தது. கையில் கொடுத்த காபிகூட ஆறியிருக்காது. ஃபாதர் திரும்பி, "இவ்ளோதானாம்மா?" என்றார்.

"இந்த வருசம் இவ்வளவுதாம் ஃபாதர் வந்துச்சு" என்றாள் அக்கா.

பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "அப்ப இன்னொரு தபா போடுங்கப்பா!" என்று கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். மறுபடி போட்டார்கள். அப்புறமும் விடவில்லை, இன்னொரு முறை. மூன்றாவது தடவை அவள் பானையை இறக்கும்போது மைதானத்தில் இருமல் சத்தம்கூட இல்லை.

திரும்பி வரும்போது அண்ணனும் பையன்களும் முன்னால் போய்விட்டார்கள். நான் அக்காவோடு நடந்தேன். வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அந்தப் பொம்பள நான்தானே? தண்ணி, மாவு, யோவ் தூங்குறியான்னு கேக்குறது. என்னப் பாத்துத்தானே எழுதுனீங்க?"

"பாத்து எழுதலட்டி. செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்லா? நீ தெனமும் தையல அடிச்சிக்கிட்டு உன் புருசங்கூடச் சண்ட போடுத. எனக்கு ஒண்ணும் வராத அன்னிக்கெல்லாம் அதத்தாம் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ரொம்பப் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் நாலு மணிக்குப் போய்ப் பூட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் தையல் மெஷினை இழுத்துச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சண்டையை ஆரம்பித்தேன்.